இன்னா கொழம்பு

இன்னும் ஓர் ஆள் ஏறினால்தான் வண்டியை எடுப்பேன் என்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் அடம்பிடித்தார். எனக்கு எரிச்சல். எதிரில் செக்யூரிட்டி யூனிஃபார்மில் இருந்த பெரியவரிடம், கம்பெனி கோட் போட்ட பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"நம்ம பழைய கம்பெனியைத்தான் மூடிட்டாங்களே, இப்ப எங்கண்ணா வேலை?"

"அங்கேயேதாம்மா. உள்ள நான் ஒருத்தன்தான் கீறேன்."

ஒருவழியாக ஆட்டோ கிளம்பியது.

"மொதல்ல கேன்டீன்ல தட்டு கழுவுனேன். அப்பால லைன்ல உன் பக்கத்துல நின்னேன். கை நடுங்குதுன்னு ஸ்டோர்ஸுக்குத் தள்ளுனாங்க. எல்லாம் அதே காம்பவுண்டுதான். இப்ப காலி ஷெட்டுக்குக் காவல்."

"போர் அடிக்காதாண்ணா?"

"சாயங்காலம் கெளம்பசொல்ல என் பையை நானே செக் பண்ணிக்கினு வரேன்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப கேட்ல ஒருத்தர் நம்ம பையெல்லாம் செக் பண்ணுவாரே, ஞாபகம் இருக்காம்மா? காலி டிபன் பாக்ஸை மோந்து பாத்துட்டு, 'இன்னிக்கு இன்னா கொழம்பு'ம்பாரு. எனக்குக் கோவமா வரும். இப்ப வூட்லகூட அத்தக் கேக்க ஆளில்ல."

ஒரகடத்துக்கு முன்பே, துருப்பிடித்த ஒரு பெரிய கேட் எதிரில் அவர் இறங்கினார்.

"அண்ணா, பையைக் காட்டுங்க," என்றாள்.

ஜிப்பைத் திறந்து நீட்டினார். டிபன் பாக்ஸ் மூடியை அவளே தூக்கினாள்.

"இன்னிக்கு இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா."

டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். பெரியவர் பையை மூடவில்லை.