சிவப்பு நூல் கட்டின காது

அந்த நூலை உள்ள வைங்கம்மா. கட்ட விடமாட்டேன். லோட்ரோ வந்து சொன்னாலும் விடமாட்டேன். அவன் எங்க? வண்டியில உக்காந்து போனை நோண்டிக்கிட்டிருப்பான். அதான் அவன் வழிகாட்டுற லட்சணம்.

என்ன சொல்லிக் கூட்டியாந்தான்? இந்த யாக்கு மாடு இன்னிக்குக் கத்திக்குப் போகுது, நீங்க காதுல சிவப்பு நூல் கட்டினா பொழைச்சுக்கும், புண்ணியம் உங்க பேருக்கு வரும்னுதானே? நெனச்சேன். போன வாரம் ஒரு பிரெஞ்சுக்காரரு, அதுக்கு முன்னால ஷாங்காய்லேருந்து புருஷன் பொண்டாட்டி. எல்லாருக்கும் எங்க வீட்டு இதே யாக்குதான். ஒரே உயிரை எத்தனை தடவை காப்பாத்துவீங்க? கத்தியிலேருந்து விட்டா விட்டதுதான். நூல் கட்டின மாட்டை எவனும் வெட்டமாட்டான், விக்கமாட்டான், அது தானா வயசாகிச் சாவும். எங்க ஊர்ல மூக்கொழுகுற பிள்ளைக்குக்கூடத் தெரியும். லோட்ரோவும் இந்த ஊர்ல பொறந்தவன்தான், அதைச் சொல்லவே வாய் கூசுது.

ஆமா, வண்டியில மாட்டியிருக்கற அந்தப் போர்டை நானும் பாத்தேன். ஊர் மக்களோட சேந்து பொறுப்பான பயணம்னு எழுதியிருக்கு. ஊர் மக்கள்னா யாரு? நான்தான். வெண்ணெய் டீ ஊத்தணும், போட்டோவுக்குச் சிரிக்கணும். கேட்டா, நம்ம பண்பாட்டைக் காப்பாத்துறேன் அக்காங்கறான். காப்பாத்துற மூஞ்சியைப் பாரு. மந்திரம் செதுக்கின கல்லு மேட்டை வலமாச் சுத்தாம இடப்பக்கமாப் போறவன், குறுக்கு வழியாம்.

ஏன் மொகம் சுருங்குது? உங்களத் திட்டல. சரி, கொஞ்சம் திட்டத்தான் செய்யறேன். இவ்வளவு தூரம் வந்தவங்க அந்தக் காதை ஒருதடவை தூக்கிப் பாக்கக் கூடாதா? ஒவ்வொரு கூட்டம் போனதும் புது நூலையெல்லாம் அவன் கத்தரிச்சிடுவான். அடியில வெளுத்துப்போனது ஒண்ணு இருக்கு. அதுல மட்டும் அவன் கையை வெக்க விட்டதில்ல.

அப்போ அவங்களை மட்டும் ஏன் விட்டேனா? விட்டேன், சிரிச்சுக்கிட்டு டீயும் கொடுத்தேன். என் மேலயும் தப்புதான், இல்லேங்கல. இன்னிக்கு முடியாது.

அந்த வெளுத்த நூல் நான் கட்டினதும்மா. நாலு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மொத மொத நெஞ்சுவலி வந்தப்ப, அவரு ஆயுசுக்காக. இன்னிக்குக் காலையில சினிங் நகரத்து ஆஸ்பத்திரியில அவரை உள்ள கொண்டுபோயிட்டாங்க, நெஞ்சைத் தொறக்கறாங்களாம். மகன் கூட இருக்கான், இன்னும் போன் வரல. அதனால இன்னிக்கு ஒரு நாளாச்சும் அந்தக் காதுல வேற யாரு பேரும் வேணாம்மா.