ஒப்பீட்டுச் சந்திப்பு எண் ஒன்பது

எங்கள் மையத்தில் காப்பி எப்போதும் சுமாராகத்தான் இருக்கும். நீங்கள் கொடுத்தது எவ்வளவோ மேல். பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெயர் வாரன் ஓல்டன்காம்ப். பல்கலைக்கழகத்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு, கல்வி மையத்துக்குப் பதினாறு ஆண்டுகளாக இயக்குநர். மையத்தின் முழுப்பெயர் இதைவிட நீளம். முதலெழுத்துகளைக் கூட்டினால் ஒரு நல்ல சொல் வர வேண்டும் என்று நான்கு கூட்டம் போட்டு வைத்தோம். சொல் வந்துவிட்டது. பெயருக்குத்தான் பொருள் சரியாக வரவில்லை. வாஷிங்டன் ஐந்து ஆண்டுக்கு நிதி தருகிறது, ஐந்தாம் ஆண்டில் என்ன கிழித்தீர்கள் என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. பத்தொன்பது ஊழியர்கள், பதினோரு ஆராய்ச்சி மாணவர்கள், எல்லாருக்கும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் சோறு.

இந்த முறை நாங்கள் எடுத்துக்கொண்டது எளிய விஷயம். நெடுஞ்சாலையை நடந்து கடக்கிறவர் பொத்தானை அழுத்தினால் மினுக்கும் மஞ்சள் விளக்கு. அதை வைத்தால் விபத்து குறையுமா? குறையும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. பன்னிரண்டு சந்திப்புகளை எடுத்தோம். ஆறில் விளக்கு வைத்தோம். மற்ற ஆறில் எதுவும் வைக்கவில்லை. அவற்றுக்கு ஒப்பீட்டுச் சந்திப்புகள் என்று பெயர். மூன்று ஆண்டுகள் அப்படியே கிடப்பதுதான் அவற்றின் வேலை.

எண் ஒன்பது, முதியோர் இல்லத்துக்கு எதிரே இருக்கிறது. அங்கே பணிப்பெண்ணாக இருந்தவர் மார்லிஸ் ஹவ்லிக். வீடு சாலைக்கு அந்தப் பக்கம், சக்கர வீடுகள் நிற்கும் டிரெய்லர் குடியிருப்பில். நாளைக்கு இரண்டு முறை நான்கு தடங்களைக் கடப்பார். அங்கே யாரும் ஐம்பத்தைந்து மைலுக்குக் குறைந்து ஓட்டுவதில்லை. கம்பத்தில் இருந்த எங்கள் கேமராவைச் சரிபார்க்கப் போனபோது ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

“ஏங்க புரொஃபசர், இது என்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கா?”

“எல்லாரையும் பாக்கும்.”

“அப்ப நான் அடிபட்டா தெளிவா விழும்ல? நாளைலேருந்து தலை வாரிட்டு வரேன்.” சிரித்தார். “கார் ஷோரூம் வாசல்ல விளக்கு வச்சிருக்கீங்களே, அங்க எவன் நடக்குறான்? வர்றவன் எல்லாம் காரை வாங்கி ஓட்டிக்கிட்டுல்ல போறான்? எங்களுக்கு எப்ப வைப்பீங்க?”

“உங்க சந்திப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்” என்றேன். அது பொய்யில்லை.

அவர் என்னைக் கேட்டதோடு நிற்கவில்லை. எங்கள் வட்டாரச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்ட்டிப் பொறியாளர் கில் ரெப்பர்ட்டையும் விடவில்லை. கில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“வாரன், கிடங்குல ஒரு விளக்கு சும்மா தூங்குது. ஒன்பதுல மாட்டிடவா? அந்தம்மா வாரா வாரம் வந்து, கேக்கைக் குடுத்துட்டுத் திட்டிட்டுப் போறாங்க. கேக்கு நல்லா வேற இருக்கு.”

“இன்னும் பதினாலு மாசம் பொறுங்க கில். இப்ப மாட்டினா ஒப்பீடு கெட்டுடும்.”

“ஒப்பீடு கெட்டா வேற எடுக்கலாம். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆனா?”

“எழுத்துல அனுப்புறேன்.”

“ஐயோ, அந்த லெட்டர்ஹெட்டா? சின்னத்தைப் பாத்தாலே எழுந்து நிக்கணும்போல இருக்குமே.”

அனுப்பினேன். கில் விளக்கைக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டார். அந்தக் கடிதத்தின் நகல் உங்கள் கோப்பில் இருக்கும்.

மூன்றாம் ஆண்டின் கோடையில் முடிவுகளைக் கூட்டிப் பார்த்தோம். விளக்கு வைத்த இடங்களில் விபத்து குறைந்திருந்தது. ஆனால் அது தற்செயலாக இருக்க நூற்றுக்கு ஆறு வாய்ப்பு இருந்தது. எங்கள் துறையில் ஐந்துக்கு மேல் இருந்தால் முடிவென்று யாரும் மதிக்க மாட்டார்கள். டீன் பிரென்டிஸ் என் அறைக்கே வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதானே குறையுது வாரன். எங்கயாவது கிடைக்காதா?” பக்கத்து மேசையில் உப்புக் கேட்பது போலத்தான் கேட்டார். தரவு சேகரிக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று சொன்னேன். “நல்லது, நல்லது” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் மார்லிஸும் முதியோர் இல்லச் சமையலறைப் பெண்கள் இருவரும் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட்டோடு வந்து, தாங்களே சாலையின் குறுக்கே பட்டைக் கோடுகள் போட்டுவிட்டார்கள். கோணல்மாணலாக இருந்தன. கேமராவில் எண்ணிப் பார்த்தேன். முன்பு நூறு காரில் ஒன்பது நின்றன, இப்போது அறுபத்தொன்று. இருபத்தாறு ஆண்டு உத்தியோகத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த முடிவு அது. விளக்கு வைத்த ஆறில் வந்திருந்தால் விருந்து வைத்திருப்போம். ஒன்றும் செய்யக் கூடாத இடத்தில் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். பெட்ரோல் பங்க் கேமராப் படத்தில் கோடுகளை அழிப்பவரைக் ‘குறும்புக்கார இளைஞர்’ என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அது நான்தான்.

ஞாயிறு காலை பத்து மணி. ஊரே தேவாலயத்தில் இருக்கும், போக்குவரத்து குறைவு. நான்கு கூம்புகள் வைத்தேன். தலைக்கவசம் போட்டிருந்தேன், மின்னும் மேலங்கியும். சாலையில் வேலை செய்பவர் அதைத் தவிர்க்கக் கூடாது. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அதில் பயிற்சி தருகிறேன். இரண்டு டப்பா கறுப்புப் பெயின்ட். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு ஓட்டுநர் காரை நிறுத்தி, நான் கடந்து போகட்டும் என்று கை காட்டினார். நன்றி சொன்னேன். கில்லிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தர மாட்டார் என்று தெரியும்.

நான்கு நாள் கழித்து, வியாழன், பிற்பகல் இரண்டு ஐம்பது. ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, போனைப் பார்க்கவும் இல்லை, அவர்மேல் குற்றமில்லை. படத்தைப் பார்த்து விவரங்களைப் பதிவது என் பொறுப்பு, ஆகவே பார்த்தேன். கோடு போடுவதற்கு முன்னால் மார்லிஸ் சாலையோரம் சராசரி இருபத்தாறு விநாடி நிற்பார். அன்று நான்கு. கார்கள் நிற்கும் என்று கால்கள் பழகிவிட்டிருந்தன. கோடு போனது கண்ணுக்குத் தெரிந்திருக்கும், காலுக்குத் தெரியவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன். தனிக் கட்டுரைக்குத் தகுந்த விஷயம்.

ஒப்பீட்டுச் சந்திப்புகள், உயிரிழப்பு, ஒன்று. நூற்றுக்கு ஆறாக இருந்த தற்செயல் வாய்ப்பு நான்காக இறங்கியது.

டீன் அனுதாபமும் வாழ்த்தும் தெரிவித்து எழுதினார், ஒரே மின்னஞ்சலில். நிதி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஒன்பதாம் சந்திப்பில் கில் அந்த வாரமே விளக்கை மாட்டிவிட்டார். என்னோடு பேசுவதில்லை. வேறு மூன்று மாநிலங்கள் எங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்கியிருக்கின்றன. எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், நான் போட்டிருக்கிறேன்.

மார்லிஸ் பெயரில் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு உதவித்தொகை தருகிறோம். முதல் விழாவுக்கு அவருடைய தங்கை ஆர்டிஸை அழைத்திருந்தோம். டீன் இருபது நிமிடம் பேசினார், பெயரை இரண்டு முறை தப்பாகச் சொன்னார். அப்புறம் ஆர்டிஸை ஓரமாக உட்கார வைத்து, அக்காவின் பங்களிப்பு அட்டவணையில் எங்கே வருகிறது என்று நான் காட்டினேன். யாராவது அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டது. விரலை அந்த எண்ணின்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

“சரிங்க புரொஃபசர். அன்னைக்கு எங்கக்கா ஒழுங்கா வீடு வந்து சேர்ந்திருந்தா, இதுல என்ன எழுதியிருப்பீங்க?”

“மேற்கொண்டு ஆய்வு தேவைன்னு எழுதியிருப்போம்” என்றேன்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நேராக உங்கள் காவல் நிலையத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனாலும் அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.