ஹெருவின் டியூனிங்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஐயா. இந்த ஸ்மாராங் நகரில் எங்கே போனாலும் எனக்கு ஸ்கூட்டர்தான். இப்படிப்பட்டவன் ஒரு காரை வைத்து ஓர் ஆளை என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் யோசிப்பது நியாயம்தான்.

கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டில் கார் எப்படித் திரும்ப வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று எண்களை மாற்றி மாற்றிச் சரிசெய்வதுதான் என் வேலை. டியூனிங் என்போம். ஓட்டுவது ரெண்ட்ரா. பையனுக்கு அருமையான கை. ஆனால் காரின் ஸ்பிரிங்குக்கும் பின்னால் பொருத்தும் இறக்கைக்கும் வித்தியாசம் தெரியாது. நான் கொடுக்கிற ஃபைலைத் திறப்பான், பறப்பான். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. டியூன் செய்தவன் பெயரைத்தான் ஃபைலுக்கு வைப்போம். அவனுக்குக் கிடைப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ரெண்ட்ரா என் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். விளையாட்டுப் போட்டியில் கோப்பை வாங்கிய அன்று, காரை டியூன் செய்தது யார் என்று மேடையில் மைக்கை நீட்டினார்கள்.

"நானேதாங்க. எல்லாமே நானேதான்," என்றான்.

நான் மேடைக்குக் கீழே அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பிறகு லும்பியா பலகாரக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"விடுங்க ஹெருண்ணே. பேரு என்ன சோறா போடப்போவுது? லைசென்ஸே இல்லாத ஆளு டியூன் பண்ணாருன்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன்.

அந்தக் கோப்பையோடு இன்னொரு பரிசும் இருந்தது. சில மாதம் கழித்து நிஜப் பந்தயக் காரில் ஒரு சோதனை ஓட்டம். தேறினால் அணியில் இடம். அதற்காக அவனைத் தயார்ப்படுத்தினேன். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து படக்கென்று காலை எடுத்தால் நிஜக் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். இது எனக்கே தெரியும். அவனுடைய விளையாட்டுக் காரில் மட்டும் அது நடக்காதபடி பின்பக்கத்தைத் தரையோடு ஒட்டவைத்தேன். முன்பக்கத்தை மந்தமாக்கினேன். காலை எடுத்தால்தான் அந்தக் கார் ஒழுங்காகத் திரும்பும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றினேன். அவனுக்கு வேகம் கூடிக்கொண்டே போனது.

"அண்ணே, வெண்ணெ மாதிரி போவுதுண்ணே," என்று கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்தான். உடம்பில் ஊறிய பழக்கம் லேசில் போகாது.

சோதனை நாளன்று கழிப்பறையிலிருந்து எனக்குப் போன் செய்தான். குரலை அடக்கிப் பேசினான்.

"அண்ணே, பின்னாடி இறுக்கமா வேணுமா, லூசா வேணுமான்னு எஞ்சினியருங்க கேக்குறாங்க. நான்தான் டியூனிங் பண்றேன்னு நெனச்சிட்டிருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

பொய் சொன்னவனுக்கு அங்கே வேறு யாரிடமும் கேட்க வாயில்லை. அவன் பெயரை நம்பியவர்களும் அவன் சொன்னதை மறுக்கப் போவதில்லை. லூசாக்கினால் நிஜக் காரின் பின்பக்கம் இன்னும் சுலபமாக வழுக்கும்.

"நல்லா லூசாக்கச் சொல்லு," என்றேன். "அப்புறம் நம்ம கார்ல மாதிரியே கால எடு. ஒண்ணும் ஆவாது."

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்ண்ணே," என்றான்.

மூன்றாவது வளைவில் சுவர். இடுப்புக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஆலோசனையைச் சொன்னது நான்தான். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவனை நான் கைவிடவில்லை. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையாலேயே இயக்கும்படி புதிதாக ஒரு விளையாட்டுக் கார் டியூன் செய்து கொடுத்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓட்டுகிறான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இது ஹெருண்ணன் பண்ணது," என்று அவனாகவே சொல்கிறான். ஃபைலிலும் என் பெயர்தான் இருக்கிறது. இதை அன்றைக்கே மேடையில் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் என்னை அனுப்பிவிடுவீர்களா, ஐயா? அவனுக்குப் பிரேக் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. என்னை விட்டால் அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்.