சங்கிலியம்மாள் இன்றும் பேசுவார்

முனீஸ்வரி: “வந்திருந்தவர்கள்: தலைவர் தங்கப்பாண்டியன், பொருளாளர் ஜெபா, விஜய்ராஜ், ஒச்சாண்டி, சூரியபிரகாஷ், ஹேமாவதி, சின்னச்சாமி...” ஏத்தா தேவயானி, சின்னச்சாமி அண்ணன் செத்து தலைத்தெவசமே முடிஞ்சிருச்சே!

தேவயானி: அவரு கையெழுத்து போடுறதுக்கு லேசா இருக்கும் மதினி. விட மனசு வரல.

முனீஸ்வரி: விஜய்ராஜு?

தேவயானி: திருப்பூர்ல இருக்காப்ல.

முனீஸ்வரி: தலைவரு?

தேவயானி: மக வீட்டோட கோயம்புத்தூர் போயி ரெண்டு வருசமாச்சு. ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்காத. நோட்டை மூடு.

முனீஸ்வரி: இரு, கூட்டிப் பாக்குறேன். போன வியாழக்கிழமை கம்பம் அன்பு சேவைச் சங்கக் கூட்டத்துக்கு இருபத்து மூணு பேரு வந்திருக்காக. அதுல நாம ரெண்டு பேரு. மிச்சப் பேரு பூராம் நோட்டுக்குள்ளயே வந்து நோட்டுக்குள்ளயே போயிருக்காக.

தேவயானி: சிரிக்காத மதினி. அந்தாளு சின்னமனூர் தாண்டிட்டாராம். இப்பத்தான் போன் பண்ணாரு.

முனீஸ்வரி: எந்தாளு?

தேவயானி: மாவட்டத் தலைவரு. வினோத்ராஜு சார். தேனியில இருந்து கார்ல வாறாரு.

முனீஸ்வரி: இங்கனயா? எதுக்கு?

தேவயானி: கேடயம் குடுக்க. வாராவாரம் நல்ல நல்ல பேச்சாளராக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்துனதுல மாவட்டத்துலயே நம்ம சங்கந்தான் முதல் பரிசாம்.

முனீஸ்வரி: நாமளா? எவ பேசுனா இங்கன? நான் ரெண்டு சேரை இழுத்துப் போட்டுத் தூங்குவேன். நீ உக்காந்து இல்லாததை எழுதி மெயில்ல அனுப்புவ. அதுக்கா கேடயம்?

தேவயானி: கொஞ்சம் நல்லா எழுதிட்டேன் போல...

முனீஸ்வரி: சரி விடு. குடுக்க வாறாரு, வாங்கி வச்சுக்குவோம். டீ வாங்கியாரவா?

தேவயானி: கேடயத்தோட போனா நான் ஏன் இப்படி வேர்த்து ஒழுகுறேன்? போன வாரம் பேசுன அம்மாவ அவரு நேர்ல கேக்கணுமாம். கட்டாயம் வரச் சொல்லுங்கன்னாரு. நானும் வாய் தவறி, சரி சார்னு சொல்லிட்டேன்.

முனீஸ்வரி: போன வாரம் யாரு பேசுனது?

தேவயானி: நோட்டுல பாரு.

முனீஸ்வரி: “லோயர் கேம்ப்பைச் சேர்ந்த திருமதி சங்கிலியம்மாள், தண்ணீர் வரும் சத்தத்தை வைத்தே வாய்க்காலில் எத்தனை கன அடி போகிறது என்று சொல்லக்கூடியவர். நாற்பது வருடம் வாய்க்கால் ஓரத்து வீட்டில் தூங்கி எழுந்ததில் இது கைவந்தது என்றார். தண்ணீர் குறையும் இரவுகளில் தன் கணவரின் குறட்டை கூடுவதாகவும்...” அடிப்பாவி!

தேவயானி: கத்தாத, கீழ கடையில கேக்கும்.

முனீஸ்வரி: ஒரு டாக்டரு, ஒரு வாத்தியாருன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதான?

தேவயானி: மொத ஆறு மாசம் அப்படித்தான எழுதுனேன்? எங்க வீட்டுக்காரரு சோத்துல கை வச்சதும், இன்னைக்கு யாரு பேசுனா, என்ன பேசுனான்னு கேப்பாரு. ஒருநா பல் டாக்டருன்னு சொன்னேன். எந்தத் தெருவுல இருக்காரு, நாளைக்கு நான் கடவாய்ப்பல்லக் காட்டணும்னு கெளம்பிட்டாரு. அதுக்குப் பெறகுதான், தேடுனாலும் கிடைக்காத ஆளா எழுதுறது.

முனீஸ்வரி: நல்லாத் தேடுன. பேசாம உண்மையச் சொல்லிருவோமா? சங்கத்துல ஆளு இல்ல சார், நாங்க ரெண்டு பேருதான்னு.

தேவயானி: சொன்னா சங்கத்தைக் கலைப்பாக. கலைச்சா இந்த மாடிச் சாவியத் திருப்பிக் குடுக்கணும். சாவி போச்சுன்னா எனக்கு வியாழக்கிழமை போச்சு.

முனீஸ்வரி: அதுக்கில்லத்தா...

தேவயானி: உனக்கு என்ன மதினி, காமயகவுண்டன்பட்டியில தோட்டம் இருக்கு. திராட்சைப் பந்தலுக்குள்ள போயிட்டா உன்னைய யாரும் தேட முடியாது. எங்க வீட்ல ஒம்பது பேரு. கக்கூஸ்ல போய் உக்காந்தாக்கூட கதவத் தட்டி, தேவயானி, மிக்சி ஜாடி மூடி எங்கன்னு கேக்குறாக. வாரத்துல மூணு மணி நேரம், யாரும் எம்பேரச் சொல்லாத எடம் இது ஒண்ணுதான்.

முனீஸ்வரி: நான் சொல்றேன்ல?

தேவயானி: நீ அஞ்சு நிமிசத்துல தூங்கிருவ. அதனாலதான் உன்னைய வச்சிருக்கேன்.

முனீஸ்வரி: ...சரி, யோசி. சங்கிலியம்மா செத்துப் போச்சுன்னு சொல்லிருவோம்.

தேவயானி: போன வாரம் பேசுனவுக இந்த வாரம் செத்தா, அவரு மாலைய வாங்கிக்கிட்டு நேரா லோயர் கேம்ப்புக்குப் போயிருவாரு.

முனீஸ்வரி: காய்ச்சல்?

தேவயானி: ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போவாரு. அந்த மாதிரி ஆளு அது. போன்ல பேசுனாலே தெரியுது.

முனீஸ்வரி: அப்ப என்னதான் பண்ணப் போற? ஏன் என்னைய இப்படிப் பாக்குற?

தேவயானி: உன்னைய அவரு பாத்ததே இல்லல்ல மதினி?

முனீஸ்வரி: போடி!

தேவயானி: பத்தே நிமிசம்.

முனீஸ்வரி: தோட்டத்துல மோட்டாரப் போட்டுட்டு மறந்து, பந்தலு பூராம் கொளமா நின்னதுக்கு எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் சொல்லிக்காட்டுறாரு. பத்தடி தூரத்துல மோட்டார் ஓடுனது எனக்குக் கேக்கல. நான் கன அடி சொல்லவா?

தேவயானி: காதுல கைய வச்சுக்க. கண்ண மூடிக்க. மெதுவாப் பேசு. கண்ண மூடுனதும் தூங்கிராத.

முனீஸ்வரி: மத்த இருபத்தொரு பேரு எங்கன்னு கேட்டா?

தேவயானி: தேவாரத்துல கண்தான முகாம்.

முனீஸ்வரி: செத்த சின்னச்சாமி அண்ணனுமா?

தேவயானி: அவருதான் மொத ஆளாக் குடுத்திருப்பாரு. வாய மூடு, கார் நிக்கிற சத்தம் கேக்குது.

முனீஸ்வரி: எனக்குக் கேக்கலையேத்தா...

தேவயானி: வெளங்கும்.

வினோத்ராஜ்: யாராச்சும் இருக்கீகளாம்மா? கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு.

தேவயானி: வாங்க சார், வாங்க. கொரங்குத் தொல்லை சார், அதான் பூட்டி வைக்கிறது. படி ஏறச் சிரமமா இருந்துச்சா?

வினோத்ராஜ்: அதெல்லாம் இல்ல. நீங்கதான தேவயானி? போன்ல பேசுனது?

தேவயானி: ஆமா சார்.

வினோத்ராஜ்: மத்த உறுப்பினர்களெல்லாம்...?

தேவயானி: கண்தான முகாமுக்குத் தேவாரம் போயிருக்காக.

வினோத்ராஜ்: அத்தனை பேருமா?

தேவயானி: சேவைன்னா எங்காளுக வீடு தங்க மாட்டாக சார்.

வினோத்ராஜ்: பரவாயில்லையே... இந்தாங்க கேடயம். பிடிங்க. போட்டோ எடுக்க ஆளு இல்ல, பரவாயில்ல. கனமா இருக்கா?

தேவயானி: நல்ல கனம் சார்.

வினோத்ராஜ்: பித்தளைன்னு சொல்லித்தான் குடுத்தான்... குடுத்தாக. இவுக?

தேவயானி: நீங்க கேட்ட சங்கிலியம்மாள் சார்.

வினோத்ராஜ்: வணக்கம்மா! உங்களப் பத்தி நாலு தடவை படிச்சிட்டேன். லோயர் கேம்ப்புல எங்கன இருக்கீக?

முனீஸ்வரி: வாய்க்கா ஓரம்.

வினோத்ராஜ்: எந்த வாய்க்கா?

முனீஸ்வரி: தண்ணி போற வாய்க்கா சார்.

தேவயானி: அவுக அதிகம் பேச மாட்டாக சார். கேக்குறதுதான் தொழிலே.

வினோத்ராஜ்: அதான, பெரிய ஆளுக அப்படித்தான் இருப்பாக. நூத்துக்கு மேல அறிக்கை அனுப்பியிருக்கீகம்மா. ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன். பொட்டிப்புரத்துல ஆடு மேய்க்கிற மொக்கைச்சாமி வந்து பேசுனாரே, மலைக்குள்ள ஆராய்ச்சிக் கூடம் வரப்போகுதுன்னதும் பாறையில காது வச்சுப் பாத்தவரு. உள்ள என்ன கேட்டுச்சுன்னு நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னாரு?

தேவயானி: “உள்ள ஒண்ணும் இல்ல. வெளிய இருக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலை.”

வினோத்ராஜ்: அதேதான்! எம் பொஞ்சாதிக்கு வாசிச்சுக் காட்டுனேன். அவ சிரிக்கல. நான்தான் தனியாச் சிரிச்சேன்.

முனீஸ்வரி: மணியாச்சு சார், லோயர் கேம்ப்புக்கு பஸ்ஸு...

வினோத்ராஜ்: ஒரு நிமிசம்மா. ஒரு சின்னச் சோதனை, கோவிச்சுக்கக் கூடாது. அந்தா கை கழுவுற எடத்துல குழாய் இருக்குல்ல, அதைத் தொறக்குறேன். நீங்க கேட்டுச் சொல்லணும்.

முனீஸ்வரி: சார், வேண்டாம் சார். இது நகராட்சிக் குழாயி. எனக்கு வாய்க்கா மட்டுந்தான்...

வினோத்ராஜ்: சும்மா வெளையாட்டுக்கும்மா. கண்ண மூடிக்கங்க. ம்... தொறந்தாச்சு.

தேவயானி: நிதானமாக் கேளுங்க சங்கிலியம்மா.

வினோத்ராஜ்: கேக்குதா?

முனீஸ்வரி: தண்ணி வரல சார்.

வினோத்ராஜ்: என்னது?

முனீஸ்வரி: அதுல தண்ணியே வரல. காத்துதான் வருது.

வினோத்ராஜ்: அடேயப்பா! சொட்டுக்கூட இல்லம்மா! தேவயானி, இங்க வந்து பாருங்க, வெறும் காத்து! கண்ண மூடிக்கிட்டு இருபதடி தூரத்துல இருந்து சொல்றாக!

முனீஸ்வரி: இங்கன மூணு நாளைக்கு ஒருக்கத்தான்...

தேவயானி: மூணு நாளைக்கு ஒருக்கத்தான் இவுக இப்படிச் சொல்லுவாக சார். ரொம்பக் களைப்பாயிரும்.

வினோத்ராஜ்: இருக்கும், இருக்கும். சிரமம் குடுத்துட்டேன். மனசு நெறஞ்சு போச்சு. அப்ப நான் வாறேன். நீங்க இன்னும் கூட்டம் நடத்துவீகளா?

தேவயானி: எட்டு மணி வரைக்கும் சார்.

வினோத்ராஜ்: எட்டு... சரி, சரி. நடத்துங்க.

முனீஸ்வரி: போயிட்டாரா?

தேவயானி: எறங்கிட்டாரு. சாத்து, சாத்து.

முனீஸ்வரி: ஆத்தாடி... சிரிப்ப அடக்கி அடக்கி வகுறு வலிக்குதுத்தா. குழாயில தண்ணி வரலன்னு சொன்னதுக்குக் கை தட்டாத கொறைதான். இவரு மாவட்டத்துக்கே தலைவராம்!

தேவயானி: “தண்ணி போற வாய்க்கா சார்”! எனக்கு அங்கனயே உசுரு போயிருச்சு.

முனீஸ்வரி: பெறகு என்னன்னு சொல்ல? எனக்கு வாய்க்கா பேரா தெரியும்? செத்த மனுசன் தேவாரத்துல கண்ணு குடுக்கப் போயிருக்காருன்னு நீ சொன்னதுக்கு நான் தேவலை.

தேவயானி: அடுத்த வாரத்துக்கு ஒரு ஆளு வச்சிருக்கேன் மதினி. கொடியில காய்ஞ்ச துணியத் தொட்டுப் பாத்தே எந்தத் தெருன்னு சொல்ற...

முனீஸ்வரி: இரு. தட்டுறாக.

தேவயானி: ...யாரு?

வினோத்ராஜ்: நான்தாம்மா.

தேவயானி: சார்! எதையாச்சும் மறந்துட்டீகளா சார்?

வினோத்ராஜ்: இல்லம்மா. நான் எறங்கவே இல்ல. மூணாம் படியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

முனீஸ்வரி: எல்லாம்...?

வினோத்ராஜ்: எல்லாம் கேட்டுச்சு. கதவு ஒண்ணும் அவ்வளவு கெட்டியான கதவு இல்ல.

தேவயானி: சார், எழுதுனது பூராம் நான்தான். இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. தூங்கத்தான் வாறாக.

முனீஸ்வரி: ஏத்தா!

தேவயானி: இருக்கிறதே ரெண்டு பேருதான் சார். ரெண்டு வருசமா யாரும் வரல. கேடயத்த எடுத்துக்கங்க. வேற ஊருக்குக் குடுத்துருங்க. சாவிய மட்டும் கேக்காதீக. எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்ல. இப்பக் கெஞ்சுறேன்னு வச்சுக்கங்க.

வினோத்ராஜ்: நான் சாவி கேக்க வரலையேம்மா.

தேவயானி: பெறகு?

வினோத்ராஜ்: எட்டு மணி வரைக்கும் உள்ள ஒரு ஓரமா உக்காந்துக்கிறலாமா? பேச மாட்டேன்.

முனீஸ்வரி: எதுக்கு சார், நாங்க என்ன பண்றோம்னு பாக்கவா?

வினோத்ராஜ்: சீச்சீ. போன வாரம் வீரபாண்டியில ஆத்தோரமா கார்லயே உக்காந்திருந்தேன். கொசு பிடுங்கி எடுத்துருச்சு.

தேவயானி: மாவட்டத் தலைவரு ஏன் சார் கார்ல உக்காந்து கொசுக்கடி வாங்கணும்? வேற சங்கத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லையா?

முனீஸ்வரி: கதவப் பிடிச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கிறது? உள்ளயா வெளியவான்னு சொல்லுங்க சார்.

வினோத்ராஜ்: வேற சங்கம் எதும்மா இருக்கு? மாவட்டத்துல இருந்த சங்கம் பூராத்தையும் போன ஜூன்ல கலைச்சாச்சு. உங்களுக்கும் கடுதாசி போட்டாக. தலைவர் பேருக்குப் போட்டதால அது அவரு வீட்லயே கெடக்கும். சாவின்னு வந்து கேக்குறதுக்கு இனி ஒரு ஆளும் கெடையாது. மெயில் மட்டும் எனக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு, நானும் படிச்சுக்கிட்டே இருந்தேன். அந்தக் கேடயம் நானாக் கடையில சொல்லி, பேரு வெட்டி வாங்குனது. வியாழக்கிழமையானா மீட்டிங்குன்னு கெளம்பி வந்துருவேன்... பதவி போனதை வீட்ல இன்னும் சொல்லல.

முனீஸ்வரி: அப்ப உள்ள தள்ளி நில்லுங்க. பூட்டணும்.