நடுங்காத கோடு

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்திற்கு, காவல் நிலையத்தின் முன் அறையில், ஆய்வாளர் கேட்க எழுத்தர் பதிவு செய்தது.

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளபடி. வயது நாற்பத்து மூன்று. தொழில், கார் எஞ்சினை இயக்கும் கணினிக்கு அளவுகள் வைத்துக் கொடுப்பது. தொழிலில் இருப்பவர்கள் என்னை மீட்டரக்கா என்று அழைப்பார்கள்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. ஸ்பேனர் வேலை அவருடையது, லேப்டாப் வேலை என்னுடையது. அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார் என்பதால் அவரைக் காதுக்காரர் என்பார்கள். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதாக என் மாமியார் சொல்வார், அது உண்மைதான். அவர் நேற்று மாலை முதல் இந்த நிலையத்தின் காவலில் இருக்கிறார். ஒரு வாடிக்கையாளரின் காரில் வேண்டுமென்றே கை வைத்து அவருக்குப் பலத்த காயம் ஏற்படுத்தினார் என்று இன்று மாலை ஐந்து மணிக்கு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட இருக்கிறார். அதற்கு முன்பு நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

மேற்படி வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். மூன்று மாதங்களுக்கு முன்பு பட்டறைக்கு வந்தார். அவரிடம் நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டர் எஞ்சின் கொண்ட வெள்ளைக் கார் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே உள்ள பந்தயப் பாதையில் அதை ஓட்டுவார். அதில் இருந்த டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று போட வேண்டும் என்றார். டர்போ என்றால் என்ன என்று எழுத்தர் கேட்டார். எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்திலேயே சுழன்று, அதே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி என்று சொன்னேன். எவ்வளவு பெரியது வேண்டும் என்று பல் டாக்டரைக் கேட்டதற்கு, இருப்பதிலேயே பெரியது என்றார். "வாய்க்குத் தகுந்த பல்லுதானே சார் நீங்களும் வைப்பீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல பழக்கம்.

அதன் பிறகு இரண்டு நாள் காலையில் அவர் கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஆக்சிலரேட்டரைக் காலால் அழுத்துகிறார் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். யாருக்கு டர்போ தேர்ந்தெடுத்தாலும் நான் இப்படித்தான் செய்வேன். பெரிய டர்போ சுழன்று எழுவதற்குள் வளைவே முடிந்துவிடும். சிறியது சட்டென்று எழும், ஆனால் நீண்ட நேர்பாதையில் அதற்கு மூச்சு வாங்கும். ஆகவே ஆசை எவ்வளவு என்று நான் கேட்பதில்லை, கால் எங்கே அழுத்துகிறது என்றுதான் பார்ப்பேன். அவருடைய கால் நடுத்தர வேகத்தில்தான் அதிகம் அழுத்தியது. மூன்று அளவுகளில் நடு அளவைச் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது, ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு என் கணவர் நான்கு நாட்களில் டர்போவைப் பொருத்தினார். அதில் காற்று அளவுக்கு மீறினால் வழிவிடுவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு, வேஸ்ட்கேட் என்போம். அந்தக் கதவை இழுத்துப் பிடித்திருக்கும் ராடை நீளமாக்கினால் கதவு சீக்கிரம் திறந்து அழுத்தம் குறையும், குட்டையாக்கினால் கூடும். நான் அளவு வைத்த பிறகு ராடின் மேலும் நட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்து, வெளியே தெரியும் மரைச் சுற்றுகளை எண்ணி நோட்டில் எழுதுவேன். இந்தக் காரில் ஏழு மரை என்று எழுதியிருக்கிறேன். அந்த நோட்டை ஒப்படைத்துள்ளேன்.

இனி சொல்வது என்னைப் பற்றியது. காற்றழுத்தத்தை 'பார்' என்ற அலகில் அளந்து கணினிக்குச் சொல்வதற்கு ஒரு சென்சார் உண்டு. இந்தக் காரின் பழைய சென்சாரால் ஒன்றரை பார் அழுத்தம் வரைதான் சொல்ல முடியும். புது டர்போ அதற்கு மேலும் தரும் என்பதால் பெரிய சென்சார் ஒன்றை முன்கூட்டியே வரவழைத்து மேசை டிராயரில் வைத்திருந்தேன். பொருத்தும் நாளில் பார்த்தால் அதன் பிளக் வேறு மாதிரி இருந்தது. மாற்று ஒயர் வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதற்காக, ஒரே ஒரு நாளைக்கு என்று பழைய சென்சாரையே மாட்டினேன்.

அதன் பிறகு காரை டைனோவில் ஏற்றினோம். டைனோ என்பது சக்கரங்கள் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓட, எஞ்சினின் பலத்தை அளக்கும் மேடை. நான் கணினியிடம் கேட்டிருந்த அழுத்தம் ஒன்றரை பார். திரையில் கோடு மேலே ஏறி, ஒன்றரையைத் தொட்டு, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் கடைசிவரை நேராகப் போனது. இருபது வருடத்தில் நான் அவ்வளவு அழகான கோட்டைப் பார்த்ததில்லை. அதைப் படம் எடுத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு அனுப்பினேன். பதினோரு பேர் பாராட்டினார்கள். எஞ்சின் மேலே போகப் போகக் கணக்குக்கு மீறிக் கொஞ்சம் பெட்ரோல் கேட்டது. கொடுத்தேன். கடைக்காரர் மீதி கொடுத்தால்கூட ஏன் இவ்வளவு என்று கேட்கிற சுபாவம் எனக்கு. அன்று அந்த எஞ்சினைப் பார்த்து மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. மாற்று ஒயர் வந்து சேர்ந்தது, அதை டிராயரில் போட்டு மூடினேன்.

டைனோவில் இருந்து காரை இறக்கும்போது என் கணவர், "காத்து கூடுதலா இருக்கு" என்றார். நான் திரையைக் காட்டி, ஒன்றரைக்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றேன். "திரை என்ன சொன்னா என்ன, விசில் மாறியிருக்கு" என்றார். "உங்க காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னேன். பல் டாக்டரும் அங்கே இருந்தார், அவரும் சிரித்தார். பந்தயத்துக்கு முந்தின நாள் என் கணவர் அவரைத் தனியே கூப்பிட்டு, இந்த முறை ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை, என் கணவர் குரலை உயர்த்தியிருக்கிறார். அதைத்தான் தகராறு என்று புகாரில் எழுதியிருக்கிறது.

அதன் பிறகு நேற்று முன்தினம் காலை ஏழரை மணிக்குப் பந்தயப் பாதையில் மூன்றாவது சுற்றில், நீண்ட நேர்பாதையின் முடிவில், எஞ்சினில் ஒரு பிஸ்டன் உடைந்து பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. எண்ணெய் கொட்டி, பின் சக்கரங்கள் அதிலேயே வழுக்கி, கார் சுழன்று போய் டயர் சுவரில் மோதியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பல் டாக்டர் வெளியே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு தொங்கியது. அந்தக் கையால்தான் அவர் எல்லோருக்கும் பல் பிடுங்குகிறார். அவர் வலியைப் பற்றிச் சொல்லவில்லை. "விரல் அசையுதா பாருங்க மீட்டரக்கா, எனக்குப் பார்க்க பயமா இருக்கு" என்றார். இரண்டு விரல் அசைந்தது.

நேற்று பாதையின் கேமராப் பதிவைப் போலீசார் பார்த்திருக்கிறார்கள். ஓட்டுநர்கள் எல்லோரும் விதிமுறைக் கூட்டத்தில் இருந்த நேரம், பந்தய நாள் காலை ஆறு நாற்பதுக்கு, என் கணவர் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து நான்கு நிமிடம் ஸ்பேனருடன் குனிந்திருப்பது அதில் தெரிகிறது. முந்தின நாள் தகராறு, மறுநாள் ஸ்பேனர் என்றதும் அவரைக் கைது செய்தார்கள். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லை. நேற்று முதல் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம் என்றும், அது இந்த அறையின் மின்விசிறியில் பேரிங் போய்விட்டது என்பது என்றும் ஆய்வாளர் சொன்னார்.

மடியில் கனமில்லாதவர் ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று எனக்கும் குழப்பம்தான். இன்று விடிந்ததும் டைனோ பதிவைத் திறந்து, அந்த அழகான கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில், மாற்றுவதற்கு முன்பு எடுத்த பழைய டர்போவின் கோட்டை வைத்தேன். பழையது லேசாக நடுங்கிக்கொண்டே போகிறது. காற்று என்றால் அப்படித்தான் இருக்கும், ஒரு நிலையில் நிற்காது. புதுக் கோட்டில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அதன் பிறகு டிராயரைத் திறந்தேன். பெரிய சென்சார் அதன் பாக்கெட்டிலேயே அப்படியே இருந்தது. கோடு நேராகப் போனது காற்று அடங்கி நின்றதால் அல்ல, சென்சாருக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாததால். காற்று மேலே மேலே போயிருக்கிறது, கணினி ஒன்றரைக்கு உரிய பெட்ரோலைத்தான் ஊற்றியிருக்கிறது. டைனோவில் பத்து விநாடி, நான் கூட்டிக் கொடுத்த பெட்ரோலில் எஞ்சின் சமாளித்துவிட்டது. பாதையில் அரை நிமிடம், காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் ஏறிய சூட்டைப் பிஸ்டனால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு பதினோரு மணிக்கு இங்கே வந்து இதைச் சொன்னேன். "புருஷனைக் காப்பாத்த எந்தப் பொண்டாட்டியும் இதைத்தான்மா சொல்லுவாங்க" என்றார் ஆய்வாளர். சொல்வதை நம்ப வேண்டாம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அதன் பேரில் நிலைய முற்றத்தில் நிறுத்தியிருக்கும் காரிலிருந்து, அதிகாரிகள் முன்னிலையில் பழைய சென்சார் கழற்றப்பட்டது. அதை என் லேப்டாப்பில் இணைத்து, நிலையத்துக்குச் சொந்தமான, அழுத்தம் காட்டும் முள் வைத்த காற்றடிக்கும் பம்பின் குழாயை அதில் மாட்டினேன். ஆய்வாளர் பம்பை வாங்கித் தானே அடித்தார். முள் ஏறியது, திரையில் கோடும் ஏறியது. ஒன்றரையில் கோடு நின்றது. அவர் மேலும் அடித்தார். முள் இரண்டைத் தாண்டியது, கோடு அசையவில்லை. "இன்னொரு தடவை" என்று சொல்லி அவரே மறுபடி அடித்தார். அதன் பிறகு எழுத்தர் அடித்துப் பார்த்தார். அதன் பிறகு நான் கொண்டுவந்திருந்த பெரிய சென்சாரை மாற்று ஒயரில் மாட்டி அடித்தோம், கோடு முள்ளோடு சேர்ந்து நடுங்கி நடுங்கி இரண்டுக்கு மேல் ஏறியது. "பாருங்கய்யா" என்றார் எழுத்தர். அவர் யாரைப் பார்க்கச் சொன்னார் என்று தெரியவில்லை, எல்லோரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் நாலு நிமிஷம் என்ன பண்ணாரு?" என்று ஆய்வாளர் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். இருவரும் முற்றத்துக்குப் போய், டார்ச் அடித்து ராடைப் பார்த்தோம். மஞ்சள் கோடு ராடிலும் நட்டிலும் பழையபடி நேராகவே இருந்தது. யாரும் தொடவில்லை என்றுதான் தோன்றும். நேரான கோட்டை இனி நம்புவதில்லை என்று காலையில்தான் முடிவு செய்திருந்தேன், ஆகவே மரைகளை எண்ணினேன். ஒன்பது. ஆய்வாளரும் எண்ணினார், ஒன்பது. நோட்டில் இருப்பது ஏழு. சரியாக இரண்டு முழுச் சுற்று திருப்பியிருக்கிறார், கோடு மறுபடி ஒன்று சேரும்படி. ராடு நீளமாகியிருக்கிறது, அதாவது அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார். டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை, நான் காதை நம்பவில்லை, அதனால் இருவருக்கும் தெரியாமல் தன்னால் முடிந்த அளவு குறைத்துவிட்டு வந்திருக்கிறார். அது போதவில்லை. அந்த இரண்டு சுற்று இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்குமா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். அதில் காதைச் சேர்த்தது என் கணவர் விஷயத்தில் பெரிய அநியாயம்.

அதன் பிறகு ஆய்வாளர் அனுமதியுடன் காவல் அறைக் கம்பிக்கு வெளியே நின்று என் கணவரிடம் பேசினேன். "குறைக்கத்தானே போனீங்க, அதைச் சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கேட்டேன். அவர் கம்பிக்கு அருகில் வந்தார். அதன் பிறகு, "குறைச்சேன்னு சொன்னா, காத்து கூடியிருந்துச்சான்னு கேப்பாங்க. ஆமான்னா, அளவு வச்சது யாருன்னு கேப்பாங்க" என்றார். வீட்டுக்குப் போ, இங்கே எதையும் சொல்லாதே என்று கையால் காட்டினார்.

நான் போகவில்லை. சென்சாரை மாற்றாமல் விட்டதும், கூடுதல் பெட்ரோல் கேட்டபோது காரணம் தேடாமல் ஊற்றியதும், எச்சரித்தவரை எல்லோர் முன்பும் கேலி செய்ததும் நான்தான். என் கணவர் செய்தது இரண்டு சுற்று மட்டுமே. பல் டாக்டர் இதை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போய் நானே அவரிடம் சொல்வேன். இதனால் என் மீது என்ன வழக்கு வந்தாலும் சந்திக்கிறேன்.

மேலே எழுதியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் உள்ளது நான் பார்த்ததும், செய்ததும், செய்யாமல் விட்டதும்தான். இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டாம் என்று வற்புறுத்தியவர் ஒருவர் உண்டு, அவர் பின்னால் உள்ள அறையில் இருக்கிறார்.

(ஒப்பம்)
மீட்டரக்கா என்று அழைக்கப்படுபவர்

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
ஆய்வாளர்