மூணாம் ஓலைக்கு ஒரு தடை

— இப்பம் உள்ள பயக்களுக்கு வெக்கம்னு ஒண்ணு கிடையாது, கேட்டியா ஷைஜா. கல்யாணம் கழிஞ்சு ஒரு மாசம் ஆன பொறவும் நான் கெட்டினவளுக்க மொகத்தை நேரா பாத்ததில்ல. எனக்கு மருமவனா வரப்போறவன் என்னடான்னா, கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை ரெண்டு வாசிச்சாச்சு, மூணாவது ஓலை நாளைக்கு, அதுக்குள்ள பாட்டுக் குழுவில உள்ள பிரிஜாவுக்கு லவ் லெட்டர் விட்டிருக்கான். கம்ப்யூட்டர்ல.

— ததேயு மாமா, மொதல்ல இரிங்க. சத்தியமா பிரைட்டன் அண்ணன் அதை எழுதல.

— அவனுக்க பேரு போட்டிருக்குன்னு பிரிஜா கோயில் முற்றத்துல நின்னு சொல்லுதா. நானும் அங்க வச்சே சொல்லிட்டேன், எனக்க மவ ஜெனிலாவை அவனுக்குக் குடுக்க மாட்டேன்னு. நீ உனக்க இந்த நெட் பூத்துல அந்த லெட்டரை ஒரு பிரிண்டு எடுத்துத் தா. பங்குச் சாமியார் கையில குடுத்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டுன்னு சொல்லணும்.

— மாமா, அதே லெட்டர் எனக்கும் வந்திருக்கு.

— உனக்குமா?

— ஐஸ் கம்பெனி முதலாளிக்கும் வந்திருக்கு.

— அந்த மீசைக்காரனுக்கா?

— நம்ம சாமியாருக்கும்.

— நான் நினைச்சதை விட மோசமான பயலால்லா இருக்கான். மஸ்கட்டுல போயி என்ன வேலைதான் பாக்கான்?

— அது வைரஸ் மாமா. தெரிஞ்ச ஆளுக்க பேரைத் திருடிக்கிட்டு வரும். 'உன்னை நேசிக்கேன், உள்ள பாரு'ன்னு இருக்கும். அடியில ஒரு ஃபைல் ஒட்டியிருக்கும். அதை நாமளே நம்ம கையால திறக்கணும். திறந்தாச்சுன்னா அந்த மெஷின்ல கிடக்க அட்ரஸுக்கெல்லாம் நம்ம பேர்ல அதே லெட்டர் போயிரும். பிரைட்டன் அண்ணனுக்கு ஜெனிலா பேர்ல வந்திருக்கு. கெட்டப்போற பெண்ணுக்க பேரைப் பாத்தா திறக்காம இருப்பாரா? கம்பெனியில ஒரு கம்ப்யூட்டரும் ஓடலயாம். அரபி கெடந்து சத்தம் போட்டானாம். காலையில இந்த பூத்துக்குத்தான் போன் போட்டாரு. மாமா நம்ப மாட்டாரேன்னு அழுகை.

— நம்பும்படியா அழவும் தெரிஞ்சிருக்கும். நான் ஆயுசு முழுக்க குளச்சல்ல மீன் ஏலம் கூவினவன், கேட்டியா. செவுளைத் தூக்கிப் பாக்காம ஒரு மீனையும் நம்பினதில்ல. அது கெடக்கட்டு, குவைத்துல இருந்து எனக்க மவன் ஆன்றோ எழுதுவாம்லா, அந்த ஈ-மெயில் பெட்டிக்கும் வந்திருக்கா?

— உங்க பெட்டிக்கும் வந்திருக்கு. தொடாமப் போட்டிருக்கேன்.

— மாமனாருக்குமா அனுப்பியிருக்கான்? காட்டு.

— பாக்க மட்டும்தான் செய்யணும் மாமா. இதா, இதுதான்.

— அடியில தொங்குதே, அதுக்குள்ள என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல. அதுதான் வைரஸ்.

— ஒண்ணும் இல்லன்னா எதுக்கு மறைக்க? நீ அவனுக்க அம்மை செசிலி டீச்சர்ட்ட படிச்சவதானே. உள்ள அவனுக்க கள்ளம் கெடக்கு. அதான் நீ திறக்க விடல.

— மவுசை விடுங்க மாமா. மாமா, அதை அமுக்காதீங்க.

— அமுக்கியாச்சு. செவுளைத் தூக்கியாச்சு. எங்க? உள்ள காலி.

— எனக்க கர்த்தாவே. நகருங்க மாமா, லைனைப் பிடுங்கணும்.

— எதுக்குப் பிள்ளே இப்படிச் சாடுத? ஒண்ணுமே நடக்கல.

— பூத் போன் அடிக்குது. ஹலோ. ஆமா டீச்சர். இங்கதான் இருக்காரு. இல்ல டீச்சர், தெரியாமத்தான். சரி டீச்சர், சொல்லுதேன்.

— ஆரு, செசிலி டீச்சரா?

— ஆமா. மவன் வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்திருக்காவ. இப்பம் உங்க பேர்ல ஒரு லெட்டர் வந்துச்சாம்.

— நான் என்ன லெட்டர் எழுதினேன்?

— 'உன்னை நேசிக்கேன், உள்ள பாரு.'

— சம்பந்தியம்மாவுக்கா?

— சாமியாருக்கும் போயிருக்கும். ஐஸ் கம்பெனிக்கும். மருமவனுக்கும்.

— டீச்சர் என்ன சொன்னா?

— மொதல்ல சிரிச்சாவ. பொறவு, சம்பந்தியார் நாளைக்குத் தடை சொன்னா நானும் ஒரு பிரிண்டு கொண்டு வாறேன், ரெண்டையும் சேத்து சாமியார் வாசிக்கட்டுன்னு சொன்னாவ.

— ஏட்டி, பல்லைக் காட்டாத. மரியாதையா டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லு, நான் அதை எழுதலன்னு.

— அதைத்தானே மாமா பிரைட்டன் அண்ணனும் காலையில இருந்து சொல்லுதாரு.

— எனக்க குடை எங்க?

— இந்தா இருக்கு. பிரிண்டு வேண்டாமா?

— வேண்டாம். ஓலை வாசிச்சிட்டுப் போகட்டு.

— அப்பம் நம்பியாச்சா மாமா?

— நான் எழுதலன்னு எனக்குத் தெரியும். அவன் எழுதலன்னு அவனுக்குத்தானே தெரியும். வழியை விடு பிள்ளே, சாமியாரு நான் அனுப்பினதைத் திறக்கதுக்கு முன்னால நான் அங்க போய்ச் சேரணும்.