மீன் தொட்டியின் கீழே விரித்த மெத்தை

என் பெயர் பூபுகான். வயது நாற்பத்தொன்று. பிஷ்கெக் நகரின் வடக்கு ஓரத்துப் புதுக்குடியிருப்பில் வசிக்கிறேன். சந்தையில் ரொட்டி விற்கிறேன். நேற்றிலிருந்து தங்கள் காவலில் இருக்கும் பெய்ஷென் என் கணவர். மருத்துவமனையில் நினைவின்றிக் கிடப்பவர் அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். மூத்தாரின் பெயரைக் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. பிறரிடம் சொல்லும்போது குதிரைக்காரர் என்பேன். நீங்களும் கிர்கிஸ் இனத்தவர்தானே, இந்த வழக்கத்தை உங்கள் வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வாக்குமூலத்தில் பெயர் வரும் இடத்தைக் காலியாக விடும்படி கேட்டுக்கொண்டேன்.

என் கணவர் ட்ராலிபஸ் பணிமனையில் மெக்கானிக். மீன் தொட்டி என்றால் அவருக்குப் பைத்தியம். தொட்டிக்குள் செடி தழைக்க வேண்டுமென்றால் தண்ணீரில் கரியமில வாயு விட வேண்டுமாம். அதற்காகப் பீர்க்கடைக்காரர் ஒருவரிடமிருந்து ஆளுயரத்தில் பாதி இருக்கும் சிலிண்டர், வெல்டிங் பட்டறையிலிருந்து பழைய ரெகுலேட்டர், சந்தையில் மின்சார வால்வு, வாயுவைத் துளித்துளியாக விடும் ஊசி வால்வு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நேற்றுக் காலை அவற்றைச் சாப்பாட்டு விரிப்பின் மேல் பரப்பி மாட்டிக்கொண்டிருந்தபோது மூத்தார் மலையூரான நாரினிலிருந்து வந்து சேர்ந்தார்.

"என்னடா தம்பி, ராக்கெட் விடப் போறியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, தொட்டிக்குள்ள இருக்கிற புல்லுக்கு."

"எங்க மலையில புல்லு சும்மாவே வளருது. நீ அதுக்குச் சோடா ஊத்திக் குடுக்குறியாக்கும்!"

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன் குமிழி விட்டுக் காட்டியே தீருவேன் என்று வேகம் பிடித்தார். சிலிண்டர் வாய்க்கும் ரெகுலேட்டர் நட்டுக்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் வாஷர் அந்த நேரம் பார்த்து எங்கோ உருண்டுவிட்டது. பணிமனையில் எந்த ஒழுக்குக்கும் வெள்ளை டேப்தான் மருந்து. அதையே மரையில் சுற்றி முறுக்கினார். அந்த இடத்தில் வாயுவை அடைப்பது வாஷர்தான், மரை இல்லை என்பது இப்போது எனக்கே தெரிகிறது. மாட்டி முடித்தால் சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் விடமாட்டார். அண்ணன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் நேற்று அதை விட்டார். குமிழி வந்தது. மூத்தார் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

அதன் பிறகு அவர் கொண்டுவந்த குதிரைக்கறியைச் சமைத்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் அவர் படுக்க வேண்டுமென்றார். அதன் பிறகுதான் சண்டை.

"நான் இந்த வாசப்படி ஓரமாவே முடங்கிக்கிறேன், விடுடா."

"எங்கண்ணன் வாசல்ல கிடந்தான்னு தெரிஞ்சா ஊர் என் மூஞ்சில காறித் துப்பும். மேலிடத்துக்குப் போங்க!"

மேலிடம் என்றால் வாசலுக்கு எதிரே, அறையின் கோடி. விருந்தாளிக்கு அதுதான் மரியாதை. மீன் தொட்டியும் அதன் பக்கத்தில் அந்தச் சிலிண்டரும் அங்கேதான் இருக்கின்றன. இருவரும் கத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு சோனுன் கேட்டதாகச் சொன்ன சண்டை இதுதான். கொல்ல நினைப்பவன் எவனாவது இருக்கிற மெத்தையிலேயே நல்ல மெத்தையைத் தேடி விரிப்பானா ஐயா? அதை நான்தான் தரையில் விரித்தேன். குளிருக்காக ஜன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்து வைத்ததும் நான். கதவின் அடியில் காற்று புகாமல் போர்வையைச் சுருட்டி வைத்ததும் நான். பிடிப்பதென்றால் என்னைப் பிடித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு என் கணவர் கேன்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குழாய்க்குத் தண்ணீருக்குப் போனார். நான் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது. மூத்தாரின் காலடியில் எங்கள் பூனை காலை நீட்டிக் கிடந்தது.

"பெரியத்தான், டீ ஆறுது, எந்திரிங்க," என்றேன். அவர் அசையவில்லை.

அந்த வாயு தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலிலேயே நின்றேன். மூத்தார் படுத்திருக்கும் அறைக்குள் மருமகள் கால் வைப்பதில்லை. இழுத்துப் போட்டிருக்கலாம், பெயரைச் சொல்லிக் கத்தியாவது இருக்கலாம். பாழாய்ப்போன என் கால் நகரவில்லை, வாயும் வரவில்லை. பனியில் வெறுங்காலோடு குழாய்க்கு ஓடினேன். என் கணவர் கேன்களை அப்படியே போட்டுவிட்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், மெத்தையோடு அண்ணனை முற்றத்துக்கு இழுத்தார். இதைத் தெருவே பார்த்தது.

இன்று காலை மருத்துவர் என்னிடம் சொன்னது: மூச்சு தானாக வருகிறது, நினைவு திரும்பவில்லை, பழகிய குரல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நேரமாக ஆக நம்பிக்கை குறையும். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இருக்கிற ஒரே தம்பியை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நான் கட்டிலருகே நின்று "பெரியத்தான், பெரியத்தான்" என்றேன்.

"அம்மா, ஊர்ல ஆயிரம் பெரியத்தான் இருக்காங்க. பேரைச் சொல்லுங்க," என்று மருத்துவர் அதட்டினார்.

அங்கிருந்து நேராக இங்கே ஓடி வந்தேன். விலங்கு மாட்டியாவது என் கணவரை அங்கே கூட்டிப் போங்கள் என்று காலைப் பிடித்துக் கேட்டேன். மேலிடத்து உத்தரவு திங்கட்கிழமைதான் வரும் என்கிறீர்கள். திங்கட்கிழமைவரை அவர் இருப்பாரா?

அப்படியானால் நானே கூப்பிடுகிறேன், அந்தக் காலி இடத்தில் அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஜுமாதில். காதில் விழவில்லை என்றீர்கள். ஜுமாதில் என்று மறுபடி உரக்கச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடைபட்டிருந்த என் கணவர், இத்தனை வருடம் என் வாயில் வராத அந்தப் பெயரைக் கேட்டதும், மரியாதை காக்க இனி ஆள் இல்லை, அண்ணன் போய்விட்டார் என்று நினைத்து அலறினார். "இல்லங்க, இருக்காரு, இன்னும் இருக்காரு!" என்று சுவரைத் தட்டிச் சொன்னேன்.

மேலே உள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதில் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, அத்தனையும் உண்மை. மருத்துவமனைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருப்பதால் நின்றபடியே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பூபுகான்